ஒற்றை எடுக்க ஒரு விசை

‘கொ’ என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டினால் திரையில் என்ன மிஞ்ச வேண்டும்? பழைய ஃபாண்டில் தொழில் கற்றவரைக் கேட்டால் ‘கெ’ என்பார். யூனிகோடில் பழகியவர் ‘க’ என்பார். பள்ளிக்கூடம் போகும் என் அண்ணன் மகள், “ஒரே எழுத்துதானே அத்தை, முழுசா போயிடணும்” என்கிறாள். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிடிபி தொழிலில் இத்தனை காலம் இருந்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம், தமிழில் அழித்தல் என்பது பல வேலைகளின் கூட்டுப்பெயர் என்பதுதான். அத்தனைக்கும் சேர்த்து ஒரே விசையைக் கொடுத்துவிட்டு ‘இதை வைத்துச் சமாளி’ என்று சொல்கிற மென்பொருளில் வேலை பார்க்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

நான் கருணாபுரத்துக்காரி. கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே இருக்கிற பகுதி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் வந்த பிறகு எங்கள் டிடிபி கடைக்கு மனு அடிக்க வருகிற கூட்டம் கூடியது. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருகிற மலையாளிப் பழங்குடி மக்கள் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் மனு கேட்பார்கள். மரச்சிற்பப் பட்டறைக்காரர்கள் விலைப்பட்டியலோடு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே புத்தக வேலையும் வரும். பத்து இருபது வருடத்துக்கு முன்னால் அடித்து வைத்த புத்தகங்களைப் பழைய ஃபாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்பு திருத்தி, மறுபதிப்புக்குத் தயார் செய்வது. என் கை அதிகம் ஓடியது இதில்தான். மெய்ப்பு திருத்துகிறவருக்குச் சேர்ப்பதைவிட எடுப்பதே அதிகம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் படித்தபோது அழிக்கிற விசையே கிடையாது. காகிதத்தில் விழுந்தது விழுந்ததுதான். ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு துணைக்கால். கணினிக்கு வந்தபோதும் அன்றைய தமிழ் ஃபாண்டுகள் அந்த வழக்கத்தையே காப்பாற்றின. கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே கோப்பில் இருந்தன. பேக்ஸ்பேஸ் தட்டினால் வலமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றது: கால் போகும், ‘கெ’ நிற்கும், ‘க’ போகும், கொம்பு மட்டும் நிற்கும். கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அதே வரிசையில் அழிந்தது. இயந்திரத்தில் பழகிய கைக்கு அதில் குழப்பம் எதுவும் இல்லை.

யூனிகோடு 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்க் கடைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. தமிழக அரசு 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், யூனிகோடையும் டேஸ்-16 என்ற இன்னொரு குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இரண்டும் ‘கொ’வைப் பார்க்கிற பார்வையே வேறு. டேஸ்-16-இல் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் எண் உண்டு. அங்கே ‘கொ’ உடையாத ஒற்றைப் பொருள். என் அண்ணன் மகளின் பதில் அங்கே தானாகவே நடக்கும். யூனிகோடிலோ ‘கொ’ என்பது ‘க’ என்ற எழுத்தும், அதன் பின்னால் ஒட்டி நிற்கும் ஒகரக் குறியும். அந்தக் குறி ஒரே எண்தான். கொம்பையும் காலையும் இரண்டு பக்கமும் பிரித்து வரைவது ஃபாண்டின் வேலை. ஆகவே பேக்ஸ்பேஸ் தட்டியதும் வலப்பக்கக் காலோடு இடப்பக்கக் கொம்பும் சேர்ந்து மறைகிறது. டைப்ரைட்டிங்கிலிருந்து வந்த பலரும் ‘நான் தொடாத கொம்பு ஏன் போச்சு?’ என்று கேட்டிருக்கிறார்கள். கையும் கண்ணும் ஒரு கணக்குப் போட, கோப்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கைக்குத் தெரிய வைக்காமல் வேகம் வராது.

விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கிற குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. அங்கே பழகிய கல்லூரி மாணவர் ஒருவர் எங்கள் கடையிலிருந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, “அக்கா, இதுல ஈமேக்ஸ்னு ஒண்ணு இருக்கு. எந்த விசை என்ன செய்யணும்னு நீங்களே எழுதிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அதைத் திறந்தேன்.

ஈமேக்ஸ் ஓர் எடிட்டர். அது 1976-இல் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த குறுங்கட்டளைகளைத் தொகுத்ததே அதன் தொடக்கம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் குனு ஈமேக்ஸாக அதை வெளியிட்டார். தமிழ் அதற்குள் வந்தது ஜப்பான் வழியாக. அங்கே ஹண்டா கெனிச்சி முதலியோர் உலக மொழிகளுக்காக உருவாக்கிய ‘மியூல்’ 1997-இல் ஈமேக்ஸின் 20-ஆம் பதிப்போடு இணைந்தது. இந்திய மொழிகளுக்கான பகுதியில் கவபட்டா டைச்சி என்பவரின் உழைப்பு பெரிது. இந்த ஜப்பானியர்களின் பெயர் நம் டிடிபி கடைகளில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பு உள்ளுக்குள்ளேயே யூனிகோடுக்கு மாறியது. 2020-இல் 27-ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வரையும் பொறியைச் சேர்த்துக்கொண்ட பிறகு தமிழ் அதில் இன்னும் ஒழுங்காகத் தெரிகிறது.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது, ஈமேக்ஸில் அழிப்பு ஏற்கெனவே மூன்று விதமாக இருக்கிறது என்பது. பேக்ஸ்பேஸ் பின்னால் இருப்பதில் ஒரு குறியை மட்டும் எடுக்கும்: ‘கோ’ இருந்தால் ‘க’ நிற்கும். டெலிட் விசை முன்னால் இருக்கிற முழு எழுத்தையும் எடுக்கும்: ‘கோ’ ஒரேயடியாகப் போகும். மூன்றாவது கன்ட்ரோல்-டி. அது முன்னால் இருப்பதில் முதல் எண்ணை மட்டும் எடுக்கும். அதாவது ‘கோ’வில் ‘க’ போய்விடும், ஓகாரக் குறி மட்டும் அநாதையாக நின்று முந்தைய எழுத்தோடு ஒட்டப் பார்க்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தெரியும். ‘பூகோளம்’ என்ற சொல்லில் இதைச் செய்தால் பார்க்கவே கோரமாக இருக்கும். தமிழ் தெரியாதவர்கள் வைத்த கோளாறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

ஆனால் மெய்ப்பில் அதைவிட உதவும் விசை இல்லை. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுத்த பிரதியில் ‘மணி’ என்பது ‘மனி’ என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். கர்சரை ‘னி’க்கு முன்னால் நிறுத்தி கன்ட்ரோல்-டி தட்டினால் ‘ன’ மட்டும் போகும், இகரக் குறி காத்திருக்கும். ‘ண’ அடித்ததும் அது தானாக ‘ணி’ ஆகிவிடும். உயிர் அப்படியே நிற்க மெய் மட்டும் மாறுகிறது. பேக்ஸ்பேஸில் இதற்கு நேர் எதிர்: மெய் நிற்க உயிர் மாறும். ‘கொ’வைக் ‘கோ’ ஆக்க ஒரு தட்டும் ஒரு குறியும் போதும். மெய்யும் உயிரும் சேர்ந்தது உயிர்மெய் என்று ஆரம்பப் பள்ளியில் படித்ததை இரண்டு விரல்களுக்குப் பிரித்துக் கொடுத்த மாதிரி. எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளில் போய்ப் பார்த்தால் ஒரு ஆள் முன்னால் கொத்துகிற உளி, சீவுகிற உளி, கண் திறக்கிற உளி என்று வரிசையாகக் கிடக்கும். எழுத்தில் வேலை பார்க்கிறவருக்கு மட்டும் ஒரே உளி போதும் என்று யார் முடிவு செய்தது?

விசைகளை மாற்றி வைக்கத் தொடங்கும் தமிழருக்கு முதலில் ஒரு முட்டுக்கட்டை வரும். கணினியின் அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்து வைத்திருந்தால், கன்ட்ரோலோடு ஆங்கில எழுத்தை அழுத்தும்போது ஈமேக்ஸுக்குப் போய்ச் சேர்வது கன்ட்ரோலும் ஒரு தமிழ் எழுத்தும். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று அது சொல்லிவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு ஈமேக்ஸின் உள்ளே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துவது. கன்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம், கட்டளைகள் கெடாது. இன்னொன்று, எழுத்தே இல்லாத விசைகளில் கட்டளைகளை வைப்பது. எஃப்5 முதல் எஃப்9 வரை ஐந்தையும் ஈமேக்ஸ் பயனருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. அதன் கூறுகள் எதுவும் அவற்றைத் தொடக் கூடாது என்பது எழுதி வைத்த விதி. நான் இரண்டு வழியையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பேக்ஸ்பேஸ், டெலிட் என்ற இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரு பழங்கதை உண்டு. காகித நாடாவில் துளை போட்டு எழுத்தைப் பதித்த காலத்தில், தவறாகப் போட்ட துளையை அடைக்க முடியாது. ஏழு துளைகளையும் போட்டுவிட்டால் அந்த இடம் ரத்து. அதனால்தான் ஆஸ்கி அட்டவணையில் டெலிட்டின் எண் 127, ஏழு பிட்டும் ஒன்று. பேக்ஸ்பேஸின் எண் 8. அது கன்ட்ரோல்-எச்சின் எண்ணும்கூட. ஈமேக்ஸில் கன்ட்ரோல்-எச் என்றால் உதவி. சில டெர்மினல்களில் பேக்ஸ்பேஸ் தட்டினால் அழிவதற்குப் பதில் உதவிப் பக்கம் திறப்பது இதனால்தான். அதைச் சரிசெய்ய ஒரு வரி அமைப்பு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில் பயந்து ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டியதில்லை.

இனி, நான் எழுதிக்கொண்ட கட்டளைகளில் எனக்கு மிக முக்கியமானது. ஈமேக்ஸில் ஒரு சொல்லையோ வரியையோ எடுத்தால் அது ‘கில் ரிங்’ என்ற சேமிப்புக்குப் போகும். ஆல்ட்-பேக்ஸ்பேஸ், ஆல்ட்-டி, கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-டபிள்யூ எல்லாமே இப்படித்தான். கடைசி 60 துண்டுகளை அது வைத்திருந்தது. 29-ஆம் பதிப்பிலிருந்து 120. எழுதுகிறவருக்கு இது வரம். ஒரு பத்தியை எடுத்து, நாலு பக்கம் தாண்டிப் போய், கன்ட்ரோல்-ஒய் தட்டி அங்கே வைக்கலாம். ஆனால் எடுத்தது கிளிப்போர்டிலும் போய் உட்காரும். மனு அடிக்கிற இடத்தில் இது ஆபத்து. மனுதாரர் அனுப்பிய பெயரை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்துகொண்டு வருகிறோம். மனுவில் ஏற்கெனவே இருக்கும் பழைய பெயரை ஆல்ட்-பேக்ஸ்பேஸால் எடுக்கிறோம். கன்ட்ரோல்-ஒய் தட்டுகிறோம். இப்போது எடுத்த அதே பழைய பெயர் திரும்பி வந்து நிற்கிறது.

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களில் பலர் கருணாபுரத்து மக்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அதை ஒட்டியும் அதற்குப் பிறகும் எத்தனையோ மனுக்கள்: வாரிசுச் சான்று, இறப்புச் சான்றில் பெயர்த் திருத்தம், விதவை உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு. மனுவின் வாசகம் ஒன்றுதான். பெயர், வயது, தகப்பனார் பெயர், கதவு எண் மாறும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையைப் பார்க்கிற தெம்புகூட இருக்காது. அந்த மேசையில் ஒரு வீட்டில் இறந்தவரின் பெயர் இன்னொரு வீட்டு மனுவில் தப்பித் தவறியும் வந்துவிடக் கூடாது. ‘பார்த்து அடி’ என்று மனிதக் கவனத்தை நம்பி விடுகிற விஷயமாக அதை வைத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. கருவியே அதற்கு வழி விடாதபடி இருக்க வேண்டும்.

ஆகவே சொல்லை எடுக்கும் விசைகளை மாற்றி எழுதினேன். வேலை மிக எளிது. கர்சர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள், ஒரு சொல் பின்னால் போ, இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ‘டெலிட்-ரீஜியன்’ என்ற கட்டளையால் நீக்கு. அந்தக் கட்டளை எதையும் சேமித்து வைக்காது. கிளிப்போர்டில் இருப்பது இருந்தபடியே இருக்கும். முன்னோக்கி எடுக்க இதே மாதிரி இன்னொன்று. ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப் தெரியாதவரும் பார்த்து எழுதிவிடலாம், நாலைந்து வரி. எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டிய வேலைக்குப் பழைய கன்ட்ரோல்-டபிள்யூவை அப்படியே விட்டுவிட்டேன். தூக்கி எறிவதும் எடுத்து வைப்பதும் வேறு வேறு காரியம், வேறு வேறு விரல். கூடவே எஃப்8-இல் ஒரு கட்டளை: புது மனு தொடங்கும்போது பெயர், வயது, முகவரி வருகிற எல்லா இடங்களையும் ஒரே தட்டில் வெறுமையாக்கி, ஒவ்வொன்றிலும் கண்ணை உறுத்துகிற ஒரு அடையாளத்தை வைத்துவிடும். பழைய பெயரின்மேல் புதுப் பெயரை அடிக்கும் பழக்கமே எங்கள் கடையில் இப்போது இல்லை. அடையாளம் மிச்சமிருக்கும் மனு பிரிண்டருக்குப் போகாது.

சேமிக்காமல் அழித்தால் திரும்பக் கிடைக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். கன்ட்ரோலும் சாய்கோடும் தட்டினால் ஈமேக்ஸ் ஒவ்வொரு மாற்றமாகப் பின்னோக்கிப் போகும். கில் ரிங்கில் இல்லாததும் அந்த வரலாற்றில் இருக்கும்.

புத்தக வேலைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மெய்ப்புத் தாளோடு பக்கத்தில் உட்காருவார். அவர் சொல்வதில் பாதி இந்த இரண்டு வாக்கியம்தான்: “ஒற்று எடும்மா.” “ஒற்று போடும்மா.” ‘அந்த பையன்’ என்று இருந்தால் ‘ப்’ வேண்டும். ‘படித்தப் புத்தகம்’ என்று இருந்தால் ‘ப்’ கூடாது, பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. ‘படித்துப் பார்த்தான்’ சரி. ‘வந்துப் பார்த்தான்’ தப்பு. முதலாவது வன்தொடர், இரண்டாவது மென்தொடர். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் தெரிந்தவர்கள்கூட அடிக்கும்போது விட்டுவிடுவார்கள். ஒரு பக்கத்தில் வேறு பிழையே இல்லாவிட்டாலும் சந்திப் பிழை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மவுஸை எடுத்து, சொல்லின் முடிவுக்குப் போய், இரண்டு முறை பேக்ஸ்பேஸ் தட்டி, என்று செய்துகொண்டிருந்தால் நாள் போதாது. இரண்டு முறை என்றது ‘ப்’ யூனிகோடில் ‘ப’, புள்ளி என்று இரண்டு எண் என்பதால்.

எஃப்6 இதற்காகவே. கர்சர் சொல்லில் எங்கே நின்றாலும் சரி, தட்டியதும் அந்தச் சொல்லின் கடைசிக்குப் போய்ப் பார்க்கும். அங்கே க், ச், த், ப் நான்கில் ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடும். இல்லையென்றால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து, அது வல்லினமாக இருந்தால் அதே மெய்யைப் போடும். இப்படி நம்பி எழுத முடிவதற்குக் காரணம் நம் இலக்கணம்தான். தமிழ்ச் சொல் இயல்பாக வல்லின மெய்யில் முடியாது. முடிந்தால் அது சந்தியால் வந்த ஒற்று. அல்லது ‘பேக்’, ‘கப்’ போன்ற கடன்சொல். வேறு எந்த மொழிக்காரர் எழுதிய எடிட்டரிலும் இப்படி ஒரு அழிப்பு விசை இருக்க வாய்ப்பே இல்லை. நாம்தான் எழுத வேண்டும்.

எழுதி முடித்துக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு மூன்றாவது வேலை ஒன்றையும் அதோடு சேர்த்தேன். எழுத்தாளர்கள் ஒரு சொல்லை மாற்றிவிட்டு முன் சொல்லின் ஒற்றை மறந்துவிடுவார்கள். ‘அதைப் பார்த்தான்’ என்று இருந்ததை ‘அதைப் கண்டான்’ என்று விட்டுவிடுவார்கள். ‘அதைப் எடுத்தான்’ என்றுகூட வந்திருக்கிறது. ஒற்றும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் பொருந்தாதபோது, அடுத்தது வேறு வல்லினமானால் எஃப்6 ஒற்றை மாற்றிவிடும். உயிராகவோ மற்ற இனமாகவோ இருந்தால் எடுத்துவிடும். இத்தனை சொல்லியும், எங்கே மிகும் எங்கே மிகாது என்று அது தீர்மானிப்பதில்லை. அதைத் தமிழாசிரியர் ஐயாவும் நானும்தான் தீர்மானிக்கிறோம். ஒரே தட்டில் புத்தகம் முழுக்கச் சந்தியைத் திருத்திவிடும் கட்டளையை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பெயரெச்சமா வினையெச்சமா என்று படித்துப் பார்க்காமல் ஒற்றை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சேர்த்து எழுத வேண்டியதைச் சேர்ப்பது இன்னொரு பெருவேலை. ‘செய்து கொண்டிருந்தான்’ என்பதை ‘செய்துகொண்டிருந்தான்’ ஆக்குவது, ‘கல்வராயன் மலை’யை ‘கல்வராயன்மலை’ ஆக்குவது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் மாறும். இதற்கு ஈமேக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது: ஆல்ட்டும் பின்சாய்கோடும் தட்டினால் கர்சரைச் சுற்றியுள்ள இடைவெளி மொத்தமும் போகும்.

வாக்கியத்தை எடுக்கும் ஆல்ட்-கே மட்டும் தமிழில் தறிகெட்டு ஓடும். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி இருந்தால்தான் வாக்கியம் முடிந்தது என்பது ஈமேக்ஸின் இயல்பான எண்ணம், அமெரிக்கத் தட்டச்சு வழக்கம். நாம் ஒன்றுதான் விடுகிறோம். அதனால் ஒரு வாக்கியத்தை எடுக்கப் போனால் பத்தியே போய்விடும். அந்த அமைப்பை அணைத்துவிட்டால் சரியாகும் என்று நினைத்தால், ‘உ.வே. சாமிநாதையர்’ என்ற பெயரில் ‘வே.’க்குப் பின்னால் வாக்கியத்தை வெட்டிவிடும். முதலெழுத்து போடாத தமிழன் யார்? புள்ளிக்கு முன்னால் இருப்பது ஒரே எழுத்தாக இருந்தால் அது வாக்கிய முடிவு ஆகாது என்று ஒரு நிபந்தனை எழுதிச் சேர்த்த பிறகுதான் அந்த விசையைத் தொட்டேன்.

பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத குப்பை நிறைய வரும். அகலமே இல்லாத இடைவெளிகள், ஒட்டாமல் தடுக்கும் குறிகள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள். திரையில் சொல் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. கர்சரை வைத்து ‘டிஸ்க்ரைப்-கேர்’ என்ற கட்டளையைக் கேட்டால் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். குப்பை எது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் பொறுக்கி எடுக்க எஃப்7 வைத்திருக்கிறேன்.

இதில் மிகவும் நச்சுப் பிடித்தது ஔகாரம். ‘மௌனம்’ என்ற சொல்லில் வலப்பக்கம் தெரிவது ஔகாரக் குறியின் பகுதி. மாற்றி மென்பொருள்கள் அதை ‘ள’ என்ற எழுத்தாக எடுத்துக்கொண்டு ‘மெளனம்’ என்று எழுதிவிடும். பல ஃபாண்டுகளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ‘எல்லா எகரக் குறியையும் ளகரத்தையும் எடுத்துவிட்டு ஔகாரம் போடு’ என்று ஒரேயடியாகக் கட்டளையிட்டால் என்ன ஆகும்? எங்கள் கல்வராயன் மலையின் தலைமையிடம் வெள்ளிமலை. அது ‘வௌ்ளிமலை’ ஆகிவிடும். வெள்ளம், வெள்ளாடு, பள்ளிப் புத்தகத்து வெள்ளைக்காரன் எல்லோரும் சிதைந்துபோவார்கள். இப்படிச் சிதைந்த சொற்கள் இணையத்திலும் அச்சிலும் ஏராளம் கிடக்கின்றன. ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று நிபந்தனை வைத்தால் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் தப்பிக்கும். அப்படியும் நான் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கேட்டு, பார்த்து, பிறகுதான் மாற்றுகிறேன். ஊர்ப் பெயர் கெட்டால் அந்த ஊர்க்காரர் மனுவும் கெடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் யாரும் செய்ய முடியாது; செய்யவும் வேண்டாம். கை எந்த இடத்தில் அலுத்துக்கொள்கிறதோ அங்கே ஒரு விசை எழுதுங்கள். கை பழகியதும் அடுத்தது. எழுதிய கட்டளைகள் ஒரு சின்னக் கோப்பில்தான் இருக்கின்றன. அதை வேறு கணினிக்கு எடுத்துப் போனால் நம் கீபோர்டும் கூடவே வந்துவிடும். எங்கள் கடையில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் வாரம் பேக்ஸ்பேஸ், டெலிட், கன்ட்ரோல்-டி மூன்றின் வித்தியாசம் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிறகு எஃப்6.

தமிழுக்கு எடிட்டரும் கீபோர்டு செயலியும் எழுதுகிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னோக்கி அழித்தாலும் பின்னோக்கி அழித்தாலும் ஒரே அளவு போக வேண்டும் என்று தீர்மானித்து ஒன்றை மூடிவிடாதீர்கள். குறியை எடுக்க, எழுத்தை எடுக்க, ஒற்றை எடுக்க, சொல்லை எடுக்கத் தனித்தனிக் கட்டளை கொடுங்கள். அவற்றை எந்த விசையில் வைப்பது என்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.